ஸ்கேனர், 3டி பிரிண்டர்லாம் வந்தாச்சு, செயற்கை கால் செய்றவங்களுக்கு இனிமே வேலை இருக்குமா? பிபிஓ படிக்கிறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க

தாமிரபரணிக்கரை (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் பிபிஓ (பேச்சலர் இன் ப்ராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ்) ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். செயற்கை கை கால், கேலிபர், முதுகு பெல்ட் இதெல்லாம் அளவெடுத்து செஞ்சு மாட்டி நடக்க வைக்கிற படிப்பு. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம், படிக்கிறது வெளி மாநிலத்துல. நாலு வருஷம் கிளாஸு, அப்புறம் ஆறு மாசம் இன்டர்ன்ஷிப், முடிச்சதும் ஆர்சிஐல (ரீஹேபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) பதிவு பண்ணணும்.

போன மாசம் லீவுக்கு ஊருக்கு போயிருந்தேன். எங்க மாமா சென்னையில ஐடில இருக்காரு, அவரு போன்ல ஒரு வீடியோ காமிச்சாரு. ஐபேட்ல சின்னதா ஒரு கேமராவ மாட்டிக்கிட்டு வெட்டுன காலை சுத்தி ஒரு நிமிஷம் காமிக்கிறாங்க, கம்ப்யூட்டர்ல அப்படியே வந்துடுது, ராத்திரி பூரா பிரிண்டர் ஓடுது, காலையில சாக்கெட், அதாவது வெட்டுன கால் உள்ள போய் உக்கார்ற கூடு, ரெடி. "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள உன் வேலைய மெஷினு செஞ்சிடும், இப்பவே வேற கோர்ஸ் பாரு"ன்னு சொல்லிட்டு அவரு கெளம்பிட்டாரு. எங்கம்மா அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல, நகைய அடகு வச்சுதான் ஃபீஸ் கட்டியிருக்கோம்.

எங்க காலேஜ்ல அளவெடுக்க இன்னும் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பேண்டேஜ்தான். சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்தா முழங்கை வரைக்கும் வெள்ளையா இருக்கும். எனக்கு அது ரொம்ப பிடிச்சிருக்கு, அதையும் சொல்லிடுறேன். முதல் தடவ ஒருத்தருக்கு காஸ்ட் (கால் மேல பிளாஸ்டர் சுத்தி எடுக்கற அச்சு) எடுத்தப்ப பிளாஸ்டர் கையில சூடாகி இறுகுறத உணர்ந்தேன் பாருங்க, அப்பவே இதுதான் நம்ம வேலைன்னு தோணிடுச்சு. ஆனா பத்து வருஷம் கழிச்சு அந்த வேலையே இல்லன்னா என்ன பண்றது? ஃபீல்டுல இருக்கறவங்க மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க, சமாதானம் சொல்ல வேண்டாம்.

கோவை_பிஓ

தங்கச்சி, நான் இந்த வேலைக்கு வந்து 19 வருஷம் ஆகுது, இப்ப எங்க சென்டர்ல ஸ்கேனரும் இருக்கு பிளாஸ்டரும் இருக்கு, ரெண்டையும் வாரம் பூரா யூஸ் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன் பொறுமையா படி.

முதல்ல மாமா சொன்னதுல உண்மை என்னன்னா பிளாஸ்டர் வேலை குறையத்தான் போகுது. கம்ப்யூட்டர்ல சாக்கெட் டிசைன் பண்றது ஒண்ணும் நேத்து வந்தது இல்ல, 1980கள்லயே வெளிநாட்டுல ஆரம்பிச்சிட்டாங்க, நம்ம பக்கம் விலை இறங்கினதுக்கு அப்புறம்தான் வந்திருக்கு. பிகே (முட்டிக்கு கீழ எடுத்த) காலுக்கு ஸ்கேன் எடுக்க எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். பேஷன்ட் மேல தண்ணி சொட்டாது, தரையெல்லாம் பிளாஸ்டர் ஆகாது. எல்லாத்துக்கும் மேல அந்த ஃபைல் நம்மகிட்டயே இருக்கும். ஆறு மாசம் கழிச்சு அதே ஆள் வந்தா மறுபடி ஸ்கேன் எடுத்து பழசு மேல புதுசை வச்சு பாத்தா ஸ்டம்ப் (வெட்டினப்புறம் மிச்சம் இருக்கற கால்) எங்க எவ்வளவு சுருங்கியிருக்குன்னு மில்லிமீட்டர்ல தெரியும். முன்னாடி இதெல்லாம் நம்ம ஞாபகத்துலயும் டேப் அளவுலயும்தான் இருந்துச்சு. பிளாஸ்டர் மோல்டை எத்தனை நாளைக்கு அடுக்கி வைக்க முடியும், இடம் பத்தாம உடைச்சிடுவோம்.

இப்ப அந்த வீடியோவுல காமிக்காத விஷயத்துக்கு வரேன். ஸ்கேனர் தோலுக்கு மேல இருக்கற உருவத்த மட்டும்தான் பாக்கும். உள்ள எங்க எலும்பு, எங்க சதை, எங்க தொட்டா ஷாக் அடிக்கிற மாதிரி நரம்பு முடிச்சு இருக்கு, அதெல்லாம் அதுக்கு தெரியாது. நீ இப்ப படிச்சிருப்ப, பிடிபி சாக்கெட்டுன்னு 1950கள் கடைசியில அமெரிக்காவுல பெர்க்லியில உருவாக்குனது, அதோட அடிப்படையே எந்த இடம் எடைய தாங்கும் எந்த இடம் தாங்காதுன்னு பிரிக்கிறதுதான். முட்டிச்சிப்பிக்கு கீழ இருக்கற தசைநாணுல அழுத்தம் குடுக்கலாம், ஃபிபுலா (முட்டிக்கு கீழ வெளிப்பக்கம் இருக்கற சின்ன எலும்பு) தலையில குடுக்கக்கூடாது, டிபியா (முன்கால் பெரிய எலும்பு) விளிம்புல குடுக்கக்கூடாது. மோல்டை அரத்தால ராவினாலும் சரி ஸ்கிரீன்ல மவுஸால இழுத்தாலும் சரி, அத முடிவு பண்றது விரலால தொட்டுப்பாத்த ஆள்தான். நான் இன்னைக்கும் ஸ்கேனுக்கு முன்னாடி ஸ்டம்ப் பூரா தொட்டு அமுக்கி பாத்து பென்சில்ல மார்க் போட்டுட்டுதான் கேமராவ எடுக்கிறேன்.

அப்புறம் இன்னொண்ணு, ஸ்டம்ப் காத்துல தொங்கும்போது ஒரு உருவம், எடை ஏத்தி நிக்கும்போது வேற உருவம். ஏகே (முட்டிக்கு மேல எடுத்த) காலுல இது ரொம்ப அதிகம், தொடை சதை சரிஞ்சு தொங்கும், இடுப்பு மடிப்புக்கிட்ட கேமராவே சரியா போகாது. பிளாஸ்டர்ல கையால சதைய தூக்கிப் பிடிச்சு அமுக்கிக்கிட்டே இறுக விடலாம். அதனால நான் ஏகேவுக்கு இன்னும் பெரும்பாலும் பிளாஸ்டர்தான்.

ஒரு கேஸ் சொல்றேன். ஒரு பூக்கார அம்மா, சர்க்கரையால கால் போனவங்க. ஸ்கேன் பண்ணி செஞ்ச சாக்கெட், ஸ்கிரீன்ல பாத்தா அவ்வளவு அழகா இருந்துச்சு. பாரலெல் பாருக்குள்ள (ரெண்டு பக்கமும் பிடிச்சு நடக்கற கம்பி) பத்து நிமிஷம் நடக்க விட்டேன். "வலிக்குதாம்மா"ன்னு கேட்டேன், "இல்ல கண்ணு, சூப்பரா இருக்கு"ன்னாங்க. கழட்டிப் பாத்தா ஃபிபுலா தலைக்கு மேல எட்டணா காசு அளவுக்கு செக்கச்செவேல்னு ஒரு வட்டம். கடிகாரத்த பாத்துக்கிட்டே உக்காந்தேன், பதினஞ்சு நிமிஷம் ஆகியும் அந்த சிவப்பு மறையல. வலி ஏன் தெரியலன்னா சர்க்கரை அவங்க நரம்ப எப்பவோ தின்னுடுச்சு. அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருந்தா ஒரு வாரத்துல புண்ணு, அப்புறம் முட்டிக்கு மேல வெட்ட வேண்டிய நிலைமைகூட வந்திருக்கலாம். அந்த இடத்துல லிப்ஸ்டிக் தடவி மறுபடி மாட்டி கழட்டினேன், சாக்கெட்டுக்குள்ள எங்க ஒட்டியிருக்கோ அங்க ஹீட் கன் வச்சு வெளிய தள்ளினேன், சாக்கெட் அடியில களிமண் உருண்டை போட்டு ஸ்டம்ப் நுனி அங்க இடிக்குதான்னும் பாத்தேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. மெஷினு மிச்சம் பண்ணிக்குடுத்த நேரத்த நான் அங்கதான் செலவு பண்ணேன், இனிமே நம்ம தொழில் அப்படித்தான் போகும்னு நான் நம்புறேன். பிளாஸ்டர் ரூம்ல இருந்த மணி நேரமெல்லாம் பேஷன்ட் பக்கத்துக்கு வரும்.

வேலை இருக்குமான்னு கேட்ட இல்ல, கணக்கு போட்டுப் பாரு. மக்கள்ல சுமார் 0.5 சதவீதம் பேருக்கு செயற்கை உறுப்போ கேலிபர் மாதிரி துணைக் கருவியோ தேவைப்படும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல 7.2 கோடி பேரு. அப்ப மூணரை லட்சத்துக்கு மேல வருது. உன் கிளாஸ்ல எத்தனை பேர் இருக்கீங்க?

கும்மோணம்_வாசி

நான் இந்த தொழில்காரன் இல்ல, கால் போட்டுக்கிட்டிருக்கறவன். வயசு 54, இடது கால் முட்டிக்கு கீழ எடுத்து ஏழு வருஷம் ஆச்சு, காரணம் அதே சர்க்கரைதான், வயல்ல முள்ளு குத்தினது தெரியாம போய் சீழ் புடிச்சிடுச்சு.

பாப்பா, மேல தம்பி சொன்ன விஷயத்துக்கு நானே சாட்சி. முதல் காலு ஒரு கேம்ப்ல குடுத்தாங்க, எந்த அமைப்புன்னு சொல்ல விரும்பல, நல்ல மனசோடதான் செஞ்சாங்க. வரிசையா உக்கார வச்சு ஒரு பையன் மிஷின வச்சு சுத்தி படம் புடிச்சான், மூணு நிமிஷம்கூட ஆகல, தொட்டுக்கூட பாக்கல. ரெண்டு மாசம் கழிச்சு பார்சல்ல காலு வந்துச்சு. அதுக்குள்ள என் ஸ்டம்ப் வத்திப்போச்சு, புதுசா வெட்டுன காலு முதல் வருஷம் வேகமா சுருங்கும்னு எனக்கு அப்ப யாரும் சொல்லல. மாட்டினா உள்ள லொடலொடன்னு ஆடும், நடக்க நடக்க உள்ள இறங்கி நுனியில போய் இடிக்கும். யார்கிட்ட காமிக்கிறதுன்னு தெரியல, போன் பண்ணா எடுக்கல. பரண்ல போட்டுட்டு ஒன்றரை வருஷம் கம்போடதான் நடந்தேன்.

அப்புறம் தஞ்சாவூர்ல ஒரு அம்மா, உங்க படிப்பு படிச்சவங்கதான், அந்த காலையே எடுத்துட்டு வரச்சொன்னாங்க. எத்தனை சாக்ஸ் போட்டா சரியாகும்னு ஒவ்வொண்ணா போட்டு போட்டு பாத்தாங்க, காலையில ஒரு கணக்கு சாயங்காலம் ஒரு கணக்குன்னு சொல்லிக்குடுத்தாங்க, ஏன்னா ஸ்டம்ப் நாள் முழுக்க ஒரே அளவுல இருக்காதாம். அப்புறம் என்கிட்ட கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி, "அய்யா நீங்க வரப்புல நடப்பீங்களா, தரையில உக்காந்து சாப்பிடுவீங்களா, கோயிலுக்கு செருப்பு இல்லாம போவீங்களா?" அதுவரைக்கும் யாருமே அத கேட்கல. எல்லாத்துக்கும் ஆமான்னேன், அதுக்கப்புறம்தான் பாதத்த ஜெய்ப்பூர் ஃபுட்டா மாத்தினாங்க. முன்னாடி இருந்தது ஷூ போட்டாதான் சமமா நிக்கும், வெறுங்காலோட நின்னா ஆள் பின்னாடி சாயும். இப்ப சேத்துல இறங்குறேன், கழுவி விட்டா போச்சு.

எந்த மிஷினு வேணா வரட்டும்மா, ஆனா அந்த கேள்விய கேக்க ஒரு ஆள் வேணும். நீ படி.

பட்டறைக்காரன்

எல்லாரும் பிஓவ (பிபிஓ படிச்சவங்கள) பத்தியே பேசுறீங்க, நான் டெக்னீஷியன், 22 வருஷம் ஒர்க்‌ஷாப். மெஷினால உண்மையிலயே அடிபடுறது நாங்கதான், அதையும் யாராவது சொல்லணும்ல.

காஸ்டுல பிளாஸ்டர் ஊத்தி கம்பி நட்டு மோல்டு எடுக்கறது, ராவறது, பாலிப்ரோப்பிலின் ஷீட்ட ஓவன்ல வச்சு கண்ணாடி மாதிரி ஆகுற நேரம் பாத்து ரெண்டு பேரா புடிச்சு மோல்டு மேல போத்தி வேக்குவம் போடறது, அது ஒரு செகண்டு முன்ன பின்ன போனா சுருக்கம் விழுந்துடும். இத கத்துக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. நாலு பேர் இருந்த ஒர்க்‌ஷாப்ல இப்ப ரெண்டு பேர் இருக்கோம். ஒருத்தர் ஊர்ல மளிகைக்கடை வச்சிட்டாரு, இன்னொருத்தர் எங்க இருக்காருன்னு தெரியல. ஸ்கேன் வந்தப்ப மோல்டை ஃபோம்ல மெஷினே செதுக்கிடுச்சு, எங்களுக்கு ஃபினிஷிங் மட்டும் மிச்சம். நான் கம்ப்யூட்டர் பக்கம் உக்காந்து கத்துக்கிட்டேன், 40 வயசுக்கு மேல மவுஸ் புடிச்சது, கத்துக்குடுத்தது எங்க பிஓ மேடம்தான், அவங்களுக்கு நான் கடைசி வரைக்கும் கடமைப்பட்டிருக்கேன்.

ஆனா ஒண்ணு தங்கச்சி, பிரிண்டர்ல வர்ற சாக்கெட்ட நம்பி உடனே மாட்டிடாத. சாதா பிரிண்டர்ல லேயர் லேயரா வர்றது, லேயருக்கு நடுவுலதான் விரிசல் விடும். 90 கிலோ ஆளு பஸ்ஸுல இருந்து குதிச்சு இறங்குனா என்ன ஆகும்னு யோசி. கால்களுக்கு ஐஎஸ்ஓ 10328ன்னு ஒரு பலம் பாக்குற டெஸ்ட் இருக்கு, அந்த மெட்டீரியல் அந்த டிசைன் அதுல தேறினதான்னு கேளு. டிரையலுக்கு பிரிண்ட் பண்ணி பாத்துட்டு, சரியானதும் பழைய மாதிரி லேமினேஷன்ல (துணியில ரெசின் ஊத்தி இறுக வைக்கறது) பக்கா சாக்கெட் போடறதுதான் எங்க பழக்கம். காலேஜ்ல இருக்கறப்பவே ஒர்க்‌ஷாப் அண்ணன்மாரோட உக்காந்து கத்துக்கோ. மோல்டை கையால ராவி பழகினவங்க ஸ்கிரீன்ல ரெண்டு மில்லி இழுக்கும்போது அந்த ரெண்டு மில்லி எவ்வளவுன்னு அவங்க கைக்கு தெரியும்.

மதுரை_மெக்கானிக்கல்

நான் கொஞ்சம் மாத்தி யோசிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. நான் இன்ஜினியர், முட்டி ஜாயிண்ட் டிசைன் பக்கம் வேலை. கோவை சார் சொன்ன ரெக்டிஃபிகேஷன்கூட (எங்க அழுத்தம் குடுக்கணும்னு பாத்து மோல்டை திருத்தறது) முழுசா மனுஷன் கையிலேயே இருக்கும்னு நான் நினைக்கல. நல்லா ஃபிட் ஆன சாக்கெட்டோட ஸ்கேன் ஆயிரக்கணக்குல சேர்ந்தா, இந்த மாதிரி ஸ்டம்புக்கு இங்க இவ்வளவு எடு அங்க இவ்வளவு சேருன்னு சாஃப்ட்வேரே முதல் வரைவு குடுக்கும், அந்த வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு. அத பாத்து திருத்தி கையெழுத்து போடறது பிஓ வேலையா மாறும். அதுல ஒரு ஆபத்தும் இருக்கு, வெள்ளைக்காரன் ஸ்டம்புல கத்துக்கிட்ட சாஃப்ட்வேர், நம்ம ஊர் ஒல்லியான, தரையில உக்கார்ற ஆளுக்கு என்ன சொல்லும்? அத தப்புன்னு சொல்ற தைரியம் உங்களுக்கு வேணும், அதுக்கு அடிப்படை ஸ்ட்ராங்கா இருக்கணும்.

இன்னொரு பக்கம் பார்ட்ஸ். ஜெர்மன் கம்பெனி ஓட்டோபாக் 1997ல சி-லெக் கொண்டு வந்ததுலேருந்து முட்டிக்குள்ள கம்ப்யூட்டர் உக்காந்திருக்கு, அத செட் பண்றது லேப்டாப்ல. இஸ்ரோ 2022 செப்டம்பர்ல சுமார் 1.6 கிலோ எடையுள்ள மைக்ரோபிராசசர் முட்டி டெவலப் பண்றதா அறிவிச்சாங்க. அதே வருஷம் ஐஐடி மெட்ராஸ்ல "கடம்"னு ஒரு முட்டி வெளியிட்டாங்க, அதுல கம்ப்யூட்டர் இல்ல, மெக்கானிக்கல்தான், ஆனா 160 டிகிரி வரைக்கும் மடங்கும், பஸ் சீட்டுலயும் ஆட்டோவுலயும் கால மடக்கி உக்காரலாம். எனக்கு அதுதான் பெரிய டெக்னாலஜி. எதுவா இருந்தாலும் அலைன்மென்ட் (சாக்கெட், முட்டி, பாதம் ஒண்ணுக்கொண்ணு நிக்கற கோணம்) ரெண்டு டிகிரி தப்பா இருந்தா எவ்வளவு விலை குடுத்து வாங்குன முட்டியும் படியில ஆளை கீழ தள்ளிடும், அத பாத்து சொல்ற கண்ணு உங்களுடையது.

சாக்கெட்டே வேண்டாம்னு ஒரு வழியும் இருக்கு, எலும்புக்குள்ள டைட்டானியம் கம்பி பதிச்சு காலை நேரா மாட்டறது, ஸ்வீடன்ல 1990லயே தொடை எலும்புல செஞ்சிட்டாங்க. ஆனா கம்பி தோலை துளைச்சு வெளிய வர்ற இடத்துல இன்ஃபெக்‌ஷன் பயம் எப்பவும் இருக்கும், சர்க்கரையால ரத்த ஓட்டம் கெட்டவங்களுக்கு பொதுவா செய்ய மாட்டாங்க. நம்ம ஊர்ல சர்க்கரையால கால் போறவங்க எத்தனை பேருன்னு உங்களுக்கே தெரியும். சாக்கெட் அவ்வளவு சீக்கிரம் போயிடாது.

வல்லிபுரத்தான்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். சண்டை 2009ல முடிஞ்சுது, ஆனா மிதிவெடியாலயும் செல்லாலயும் கால் போன ஆக்கள் இப்பவும் புதுக்கால் மாத்த வருகினம், ஒருக்கா போட்ட கால் ஆயுசுக்கும் காணாது. சின்ன வயசில கால் போன பிள்ளையளுக்கு இப்ப முப்பது நாப்பது வயசு, உடம்பு பெருத்து, சிலருக்கு சலரோகமும் (சர்க்கரை வியாதி) வந்திட்டுது. என்ர அக்காவும் அதில ஒராள். அக்காவுக்கு கால் செய்யிற அண்ணை இருபது வருசமா ஒரே ஆள்தான், அவ வாசலால நடந்து வர்ற சத்தத்திலயே "என்ன தங்கச்சி, வலப்பக்கம் உயரம் கூடிப்போச்சோ" எண்டு கேப்பார். எங்களுக்கு ஸ்கானர் வந்தா நல்லம், வன்னியில இருந்து ரெண்டு பஸ் மாறி வர்ற சனத்துக்கு ஒரு பயணமாவது மிச்சம். ஆனா அந்த அண்ணை ஓய்வு எடுத்தா அவற்ற இடத்துக்கு ஆர் எண்டதுதான் எங்கட கவலை. நீங்கள் படிப்ப விட்டிடாதேங்கோ தங்கச்சி.

தாமிரபரணிக்கரை

எல்லார்க்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு போன் போட்டு கும்மோணம் அய்யா எழுதுனத முழுசா படிச்சு காமிச்சேன், அம்மா ஒண்ணும் சொல்லல, "அந்த வரப்பு கேள்விய நீயும் மறக்காம கேளு"ன்னு மட்டும் சொன்னாங்க. பட்டறை அண்ணா, எங்க ஒர்க்‌ஷாப்ல சனிக்கிழமை மதியம் வந்து நிக்கலாமான்னு கேட்டேன், சரின்னுட்டாங்க.

கோவை அண்ணா ஒரு சந்தேகம். எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு ஸ்கேனர் பொட்டியோட பீரோவுல இருக்கறது இப்பதான் தெரிஞ்சுது. அடுத்த வாரம் ஒரு பிகே பேஷன்ட்டுக்கு காஸ்ட் எடுக்கணும், சார்கிட்ட கேட்டு அதே ஆளுக்கு ஸ்கேனும் எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். எத முதல்ல எடுக்கணும்?

கோவை_பிஓ

ஸ்கேன் முதல்ல. பிளாஸ்டர் முதல்ல எடுத்தா இறுக்கத்துல சதை அமுங்கி, தோலும் ஈரமாயிடும், அளவு மாறிடும். பேஷன்ட்ட பத்து நிமிஷம் சும்மா உக்கார வை, செயற்கைக் காலை கழட்டின நேரம், எத்தனை சாக்ஸ் போட்டிருந்தாரு எல்லாம் நோட்டுல எழுது. மார்க் போடறத தோல் மேல போடு, சாக்ஸ் மேல போட்டா நகர்ந்துடும். கேமராவுல கலரும் பதியுதான்னு முன்னாடியே உன் கைய ஸ்கேன் பண்ணி பாத்துக்கோ, இல்லன்னா மார்க் ஃபைல்ல வராது. முட்டிய ரெண்டுலயும் ஒரே அளவு மடக்கி வை, தொடைக்கு கீழ ஒரு தலகாணி குடு, அவரு ஆடாம இருப்பாரு. ஃபிபுலா தலைக்கிட்ட ரெண்டோட வித்தியாசம் எவ்வளவு வருதுன்னு இங்க வந்து எழுது, நானும் தெரிஞ்சுக்கணும்.